பலெர்மோ முழுக்க ஐயாவின் பெயர்

போன மாதம் தர்சினி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், மேடைக்கு ஒரு சின்னப் பேர் வைக்கச் சொல்லீனம். பாலசுப்பிரமணியம் எண்ட அப்பாவின்ரை பேர் போஸ்டரிலை கொள்ளாதாம். தர்சி எண்டு மட்டும் போடவோ? நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

தர்சினி பலெர்மோவில் பிறந்த பிள்ளை. பகலில் மருந்துக்கடையில் நிற்கிறாள், வெள்ளி மாலையில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாரில் மைக் பிடித்து இத்தாலியனில் பகிடி சொல்கிறாள். நன்றாகவே சொல்கிறாள். கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்.

நான் பதிலைக் குரல் பதிவாகச் சொல்லத் தொடங்கினேன். பதினொரு நிமிடம் ஓடிவிட்டது, நான் இன்னும் கப்பலையே விட்டு இறங்கவில்லை. குசினிக்குள் இருந்து என் மனைவி சாந்தி சத்தம் போட்டாள். "இஞ்சாருங்கோ, அது வேலைக்குப் போற பிள்ளை. கதைச்சுக் கொல்லாமல் எழுதி அனுப்புங்கோ." அதுதான் எழுதுகிறேன். தர்சினிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கேள்வி கேட்டதற்கு அது தண்டனையாக இருக்கட்டும்.

நான் வேலையிலிருந்து ஓய்ந்து நாலு வருடம். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன நாடகக் கொட்டகையில் ஏறக்குறைய முப்பது வருடம் வேலை செய்தேன். கூட்டுகிறவனாகப் போனேன், திரைச்சீலை வரைகிறவனானேன், பிறகு பகிடிக்காரனானேன். இடையில் ஒரு புத்தகமும் எழுதினேன். இப்போது வீட்டில் இருந்து படம் வரைகிறேன். சாந்தி சாப்பாட்டு மேசையைத் திருப்பிக் கேட்கிறாள்.

அகதியாக வந்த கதையை நீட்டப் போவதில்லை. அது எல்லோரிடமும் இருக்கிறது, என்னுடையதைவிட மோசமாகவும் இருக்கிறது. வந்தேன், ஆறு வருடம் சிஞ்ஞோராமார் என்கிற இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே பாஷை படித்தேன். அதனால்தான் இன்றைக்கும் என் இத்தாலியனில் கிழவிகளின் வாடை அடிக்கும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர் யோகராசா. முன்னால் ஐயாவின் பெயர், சின்னத்தம்பி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்குள் ஐயா போய் உட்கார்ந்துவிட்டார். இங்கே கந்தோரிலும் வேலையிலும் அந்தக் கட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "சின்னாதாம்பி, ஜன்னல் துடைத்தாச்சா?" "சின்னாதாம்பி, குப்பை!" முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஐயா பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். வீதியால் போனால் சைக்கிளில் வருகிறவன் இறங்கி நிற்பான். அம்மாவே நாற்பது வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில், வகுப்புக்கு முன்னால் ஐயா நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். வயிறு முன்னால், கை பின்னால், பிரம்பு கக்கத்தில். எல்லாப் பெடியளும் சிரித்தார்கள். பிறகு திடீரென்று ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவடியில் ஐயா. அன்றைக்கு வாங்கிய அடியில் இரண்டு நாள் குப்புறப் படுத்தேன்.

கொட்டகையை நடத்தியவர் சிஞ்ஞோர் கார்மெலோ. மெலிந்த மனுஷன், கோடையிலும் கோட்டுப் போடுவார், யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். கூட்டுகிற எனக்கும் "சிஞ்ஞோர் சின்னாதாம்பி, தயவுசெய்து" என்றுதான் சொல்லுவார். சிரிப்பு நாடகம் போடுகிறவர்தான், ஆனால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் கதவோடு ஒட்டிய கதிரை அவருடையது. பகிடி விழுந்து செத்தால் ஒரு இருமல் இருமுவார். பகிடி எடுபட்டால் இருமல் வராது. அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

திரை வரைகிற வேலையை அவர்தான் காட்டித் தந்தார். சீலையை நிலத்தில் விரித்து ஓரமெல்லாம் ஆணி அடிக்க வேண்டும். பசையைக் காய்ச்சி நிறத்தோடு கலக்க வேண்டும். பசை கூடினால் சுருட்டும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சீலைக்கு மேல் ஏறி, நீளத் தடியில் கட்டிய தூரிகையால் நின்றபடி வரைய வேண்டும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது. "கடைசி வரிசையில் இருப்பவருக்காக வரையுங்கள்" என்பார். அந்த வேலை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பகிடிக்காரன் ஆனது பிந்திப் போனதால். ஒரு நாள் காலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போயிருந்தேன். அதுதான் வெளிநாட்டுக்காரர் விசாப் பத்திரத்துக்குக் காத்துக்கிடக்கிற பொலிஸ் கந்தோர். கொட்டகைக்கு வர மூன்று மணி நேரம் பிந்திவிட்டது. சிஞ்ஞோர் கார்மெலோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜன்னலில் இருந்த பொலிஸ்காரர் "சின்னாதாம்பி!" என்று கூப்பிட்டார். மூன்று தமிழர் எழும்பினோம். "யார் சின்னாதாம்பி?" என்றார். மூன்று பேரும் "நானில்லை, அது என் அப்பா" என்றோம். "மூவரும் சகோதரரா?" "இல்லை." "அப்பா எங்கே?" "ஊரில்." "அப்படியானால் எவர் இங்கே வந்திருக்கிறார்?"

சிஞ்ஞோர் கார்மெலோ சிரிக்கவில்லை. "திரும்பச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "மூன்று பேர் என்று முதலில் சொல்லாதீர்கள். ஒருவர் எழும்பட்டும். பிறகு மற்றவர். நாங்களும் எண்ண வேண்டாமா?" திரும்பச் சொன்னேன். நடிகர்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு இன்னொரு தடவை. நான் தண்டனை என்றுதான் நினைத்தேன்.

விஷயம் வேறு. இரண்டாம் அங்கத்துக்கு மேடையை மாற்ற ஏழு நிமிடம் பிடிக்கும். மரச்சுவரை இழுக்கிற சத்தம் சபைக்குக் கேட்காமல் இருக்கத் திரைக்கு முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். அதுவரை அங்கே நின்று அக்கோர்டியன் வாசித்த மனுஷன் மகளோடு மிலானுக்குப் போய்விட்டார். அந்த ஏழு நிமிடம் எனக்கு வந்தது. நான் கெட்டித்தனத்தால் மேடை ஏறினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தளபாடம் நகர்த்தும் சத்தத்தை மூடத்தான் ஏறினேன்.

புதுப் பகிடியைப் பல்லரோவில்தான் சோதிப்பேன். அங்கே தக்காளி விற்கிற நினோ என்ற மனுஷன் வாடிக்கையாளர் என்ன கதைத்தாலும் தராசில் நிறுத்துக்கொண்டே இருப்பான். அவனுடைய கை தராசில் நின்றால் அந்தப் பகிடி ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் போகும். நிற்காவிட்டால் தக்காளியோடு வீட்டுக்குப் போகும்.

எல்லாவற்றிலும் நன்றாக எடுபட்டது பெயர்ப் பகிடிதான். அது வருடக்கணக்கில் வளர்ந்தது. என் மகள் அபிக்கும் பதிவுக் கந்தோரில் சின்னத்தம்பி என்றே போட்டார்கள், ஆகவே பத்திரத்தின்படி அவள் எனக்குத் தங்கச்சி. கடைசியில் கக்கூஸ் பகுதி வரும். "என் அப்பா தலைமை ஆசிரியர். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பமாட்டார். ஆனால் பலெர்மோவில் எத்தனை கக்கூஸ் கழுவியிருக்கிறார் தெரியுமா? இன்றைக்கும் சிஞ்ஞோராமார் அவரைத்தான் ஏசுகிறார்கள்." பிறகு வயிற்றை முன்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, கூட்டுகிற தும்புத்தடியைக் கக்கத்தில் வைத்து ஐயாவைப் போல மேடையைச் சுற்றி நடப்பேன். கொட்டகை அதிரும். வழக்கமாக வருகிறவர்கள் நான் வருவதற்கு முன்னமே மூன்று தடவை "சின்னாதாம்பீ!" என்று கத்தத் தொடங்கினார்கள். போஸ்டரிலும் அந்த ஒரு பெயர்தான், பெரிய எழுத்தில்.

அந்தப் போஸ்டரை எங்கள் ஆட்களில் யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்கு அனுப்பிவைத்தான். ஐயாவிடமிருந்து கடிதம் வந்தது. முத்து முத்தான எழுத்தில் இரண்டே வரி. "நீ செய்யும் தொழில் உன் விருப்பம். என் பெயரை விட்டுவிட்டுச் செய்."

அடுத்த நாள் சிஞ்ஞோர் கார்மெலோவிடம் போய்ப் போஸ்டரில் என் பெயரை யோகராசா என்று மாற்றச் சொன்னேன். அவர் கடிதத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

"சனங்கள் சின்னாதாம்பியைப் பார்க்க வருகிறார்கள். அந்த மற்றவரை அவர்களுக்குத் தெரியாது. உங்கள் தகப்பனார் அந்தப் பகிடியைக் கேட்டிருக்கிறாரா?"

"இல்லை."

"சொந்தக்காரருக்கு முன்னால் சொல்ல முடியாத பகிடி உங்களுடையது அல்ல, சிஞ்ஞோர் சின்னாதாம்பி. முதலில் அவருக்குச் சொல்லிப் பாருங்கள்."

சொல்லிப் பார்க்கவாம்! ஐயாவுக்கு! நான் கடிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பெயரை மாற்றவும் இல்லை, ஐயாவுக்குப் பதில் எழுதவும் இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறு காலை ரெலிபோனில் மழை, முழங்கால், தம்பியின் பிள்ளைகள் என்று எல்லாம் கதைப்போம். வேலையைப் பற்றி அவர் கேட்கமாட்டார், நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. கைதட்டு விழுகிற ஒவ்வொரு ஞாயிறும் நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது. அது உண்மை.

ஊரில் யுத்தம் முடிந்து, அம்மாவும் போன பிறகு, ஐயா மூன்று மாதம் எங்களோடு நிற்க வந்தார். எழுபத்தாறு வயது. வந்த மூன்றாம் நாள் சாந்தி என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"மாமா ஹோலுக்கு வரவேணுமாம்."

"எந்த ஹோலுக்கு?"

"நீங்கள் ஆடுற ஹோலுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை தன்னையும் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். வேறை என்ன சொல்ல? அவருக்கு இத்தாலியன் விளங்காது, நீங்கள் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

இத்தாலியன் விளங்காதுதான். நடை விளங்குமே. ஞாயிறு பகல் சிஞ்ஞோர் கார்மெலோவிடம் சொன்னேன், இன்றைக்குப் பெயர்ப் பகிடி இல்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இரண்டு நிமிடம் குறையும். சுவர் இழுக்கிற சத்தம் கேட்கும்" என்றார்.

ஐயா மூன்றாம் வரிசையில் நடுவில் இருந்தார். வேட்டி, அதற்கு மேல் என் குளிர்க்கோட்டு, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் சாந்தியும் அபியும். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. நான் ஓரத்தில் நின்று சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். சபை வழக்கப்படி தொடங்கியது.

"சின்னாதாம்பீ! சின்னாதாம்பீ! சின்னாதாம்பீ!"

நூற்றிருபது பேர் கத்துகிறார்கள். ஐயா எழுந்தார். கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். பின் வரிசைக்காரர் பக்கம் மெல்லத் திரும்பி, பரிசளிப்பு விழாவில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். இடது பக்கம் ஒரு கும்பிடு, வலது பக்கம் ஒரு கும்பிடு.

சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. நான் வெளியே வந்தேன். என்ன சொல்வது என்று ஒரு ஆயத்தமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சிஞ்ஞோரே, சிஞ்ஞோராமாரே, சின்னத்தம்பி அவர்தான். நான் அவருடைய மகன். இவ்வளவு காலமும் உங்களை ஏமாற்றிப்போட்டேன்."

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சனம் எழும்பி நின்று ஐயாவுக்குக் கைதட்டியது. கடைசி வரிசையில் சிஞ்ஞோர் கார்மெலோவும் எழும்பி நின்றார். ஐயா எல்லோரையும் கையால் உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். நான் பொலிஸ் கந்தோர் பகுதியைச் சொன்னேன், அபி தங்கச்சியான பகுதியைச் சொன்னேன். கக்கூஸையும் நடையையும் விட்டுவிட்டேன்.

பஸ் பிடித்து எங்கள் வீடு இருக்கிற சீசாப் பகுதிக்கு வந்தோம். வீட்டில் சாந்தி தேத்தண்ணி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கக்கூஸ் பகிடியை ஏன் விட்டனி?"

"ஆர் ஐயா உங்களுக்குச் சொன்னது?"

"சுவிஸிலை இருக்கிற உன்ரை மச்சான் வீடியோ அனுப்பினவன். சொல்லுக்குச் சொல் கருத்தும் எழுதி அனுப்பினவன். நாலு தரம் பாத்தனான்."

"கோவமில்லையோ?"

"கோவந்தான்." கோப்பையை வைத்தார். "நாற்பது வருசமாய் நீ பிழையாய் நடக்கிறாய். நான் எப்பவும் இடக்காலைத்தான் முதல் வைக்கிறனான். நீ வலக்காலை வைக்கிறாய். தலையையும் ஆட்டுறாய். நான் எப்ப தலையை ஆட்டினனான்?"

எழும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுச் சின்ன ஹோலில் கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்து காட்டினார். "வடிவாய்ப் பார். பிரம்பு கீழை சாயக் கூடாது." அபி ஓடிப்போய்த் தும்புத்தடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் கக்கத்தில் வைத்தார். சாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

"அந்தக் கடிதம் ஐயா..." என்றேன்.

"அது அப்ப எழுதினது. கக்கூஸ் கழுவினது நீ. என்ரை பேர் பக்கத்திலை சும்மா நிண்டது. அதுக்கு நான் ஏன் வெக்கப்படவேணும்? எண்டு யோசிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்துப்போட்டுது." பிறகு, "நட பாப்பம்" என்றார். ஐம்பது வயதில் ஐயாவுக்கு முன்னால் ஐயாவைப் போல நடந்தேன். மூன்று தடவை திருத்தினார்.

அடுத்த ஞாயிறு இடக்காலை முதல் வைத்து நடந்தேன். ஐயா மூன்றாம் வரிசையில் இருந்து என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் சத்தம் வரவில்லை. நாடகம் முடிந்து சிஞ்ஞோர் கார்மெலோ வந்து ஐயாவுக்குக் கைகொடுத்தார். இருவரும் ஒரு பாஷையும் இல்லாமல் கால்மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

புத்தகம் அதற்குப் பிறகு வந்தது. அட்டைக்கு என்ன பெயர் போடுவது என்று பதிப்பகத்துப் பெண் கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னத்தம்பி யோகராசா, முழுதாக. அட்டையில் அவ்வளவும் கொண்டது. நான் வரைகிற படங்களின் மூலையிலும் அப்படித்தான் போடுகிறேன். தர்சினி, நான் செய்தது இது. உன் அப்பாவின் பெயர் உண்மையிலேயே நீளந்தான், அதை வெட்டுவதும் விடுவதும் உன் பாடு. ஆனால் வெட்டுவதற்கு முதல் மனுஷனிடம் ஒரு சொல் கேள். நான் கேட்காமல் பன்னிரண்டு வருடம் வீணாக்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஐயா எண்பத்தைந்தாவது வயதில் ஊரில் காலமானார். எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து பத்து நாள், விமானம் ஏற வைத்தியர் விடவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். இங்கே என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊரைப் போலவே பலெர்மோவிலும் சாவு அறிவித்தல் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். அபி அச்சகத்துக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். அவர்களுடைய முறைப்படி நடுவில் கறுப்பாகப் பெரிய எழுத்தில் சின்னத்தம்பி. கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், இன்னார் இன்னாரின் தகப்பனார், வயது இவ்வளவு. சீசாவிலும் கொட்டகைப் பக்கத்திலும் பல்லரோவிலும் ஒட்டினார்கள். ஐயா பார்த்திருந்தால் எழுத்து நேராக இருக்கிறதென்று சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா, கையில் பெரிய தட்டில் பாஸ்தா. சாவீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சாப்பாடு கொடுக்கும் என்பது இவர்களுக்கும் உண்டு. அவ சாந்தியைக் கட்டிப்பிடித்துக் குழறினா. "பாவம் சின்னாதாம்பி! காலில்தானே வெட்டினார்கள்? காலில் வெட்டி எப்படிச் செத்தார்?"

நான் ஊன்றுகோலோடு குசினியிலிருந்து வந்தேன். தட்டு விழுந்தது. நல்லகாலம், சாந்தியின் கால் தப்பியது.

அவவுக்குத் தண்ணீர் கொடுத்து விளங்கப்படுத்துவதற்குள் கதவு திரும்பத் தட்டுப்பட்டது. மீன்காரர், மனைவியோடு. பிறகு நினோ, கடையைப் பூட்டிவிட்டு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. பிறகு நடிகர்கள் ஆறு பேர் ஒன்றாக. பழைய சிஞ்ஞோராமார் இரண்டு பேர் டாக்ஸி பிடித்து. எல்லோரும் அழுதுகொண்டு வந்து, என்னைக் கண்டு அலறி, ஏசி, கட்டிப்பிடித்து, பிறகு எனக்காக அழத் தொடங்கியதை நிறுத்த முடியாமல் ஐயாவுக்காக அழுதார்கள். நினோ என் தோளில் குத்தினான். "அறிவில்லையா உனக்கு? இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை!"

கடைசியாகச் சிஞ்ஞோர் கார்மெலோ வந்தார். எண்பது தாண்டியிருந்தது, எங்கள் மூன்று மாடிக்கும் லிப்ட் இல்லை. கதவில் என்னைக் கண்டு மூச்சு வாங்க நின்றார். மேசையில் ஐயாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் பிடித்துக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார்.

"சிஞ்ஞோர் சின்னாதாம்பி," என்றார் ஐயாவிடம். பிறகு அந்த மனுஷன், ஒரு நாளும் சிரித்து நான் பார்த்திராத மனுஷன், கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

அந்த நேரம் ஊரிலிருந்து தம்பி ரெலிபோன் எடுத்தான். சாம்பல் எடுக்கிற காடாற்றும் முடிந்துவிட்டதாம். "சனம் குறைவு அண்ணை," என்றான். "வாத்தியாரிட்டைப் படிச்ச எல்லாரும் வெளிநாட்டிலை. காவக்கூட ஆள் தேடினனாங்கள்." பிறகு, "அதென்ன சத்தம்? ஆர் அழுகினம்?" என்று கேட்டான்.

"இஞ்சை வீடு நிறையச் சனம் தம்பி. எல்லாம் இத்தாலிக்காரர். ஐயாவின்ரை பேரைச் சொல்லி அழுகினம்."

"மெய்யே? அவைக்கு ஐயாவைத் தெரியுமோ?"

நான் ஹோலைத் திரும்பிப் பார்த்தேன். நிற்க இடமில்லை.

"ஓம்," என்றேன். "முப்பது வருசமாய்த் தெரியும்."